இசைத்தட்டில் சந்தனப் பொட்டு

அமெரிக்க ப்ளூஸ் பாட்டென்றால் எனக்கும் என் விழுப்புரத்து நண்பனுக்கும் பைத்தியம். ஆனாலும் அவன் தன் இசைத்தட்டுகளை யாருக்கும் தரமாட்டான். கெஞ்சிக் கெஞ்சி ஒன்றை வாங்கி வந்திருந்தேன். ஆயுத பூஜைக்கு மறுநாள் அதைத் திரும்ப வாங்கத் திண்டிவனத்தில் என் வீட்டுக்கே வந்துவிட்டான்.

அவன் எதிரிலேயே ரெக்கார்டு பிளேயரின் மூடியைத் திறந்தேன். பிளேயருக்கு உள்ளும் புறமும் வைத்த சந்தனமும் குங்குமமும், அதன்மேல் கிடந்த அவன் தட்டிலும் மூன்று இடத்தில் காய்ந்திருந்தன.

“உனக்குக் கண்ணு தெரியலையா?” என்று மனைவியிடம் கத்தினேன்.

நண்பன் தட்டைச் சுழலவிட்டு முள்ளை வைத்தான். கிட்டார் ஆரம்பித்தது. பொட்டு வந்ததும் முள் குதித்தது. மறு சுற்றிலும் குதித்தது. அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

“இவளுக்கு எத்தினி வாட்டி சொல்றது...” என்று மறுபடி ஆரம்பித்தேன்.

மனைவி தட்டின் காலி உறையைக் கொண்டுவந்து அவனிடம் நீட்டினாள். “கவர்ல இருந்திருந்தா கவருக்குத்தாண்ணா பொட்டு வெச்சிருப்பேன். இவரு மூணு நாளா அத கவர்ல போடவேயில்ல.”

நண்பன் முள்ளைத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்தான்.

“என் ரெக்கார்டுக்கு இந்த வூட்ல மரியாத குடுத்தது தங்கச்சி மட்டுந்தான்டா.”