கால் எடுப்பதற்கு முன்

சலரோகக்காரரின் கால் புண்ணுக்கு எப்படி வைத்தியம் பார்ப்பது என்று ஜெர்மனி முழுவதற்கும் ஒரு வழிகாட்டி எழுதினார்கள். மேசை நிறைய வைத்தியர்கள், நோயாளிகள் சார்பில் இரண்டு பேர். அவர்களில் ஒருத்தி நான். எனக்கும் அந்த நீரிழிவுதான், ஹம்பேர்க்கில் எங்கள் நோயாளர் சங்கம் என்னை அனுப்பியிருந்தது.

ஒவ்வொரு வசனத்துக்கும் வாக்கெடுப்பு. 'செய்ய வேண்டும்' என்றால் வைத்தியரின் கடமை, 'செய்யலாம்' என்றால் அவர் விருப்பம். ஒரு வசனத்துக்கு அரை நாள் போகும். இங்கே கோப்பி ஆற, தாள்கள் குவிய, அங்கே ஊன்ட்றொப் என்ற ஊரில் என் அண்ணையின் கால்விரல்கள் ஒவ்வொன்றாகக் கறுத்துக்கொண்டிருந்தன.

'காலை எடுப்பதற்கு முன் இன்னொரு வைத்தியரின் கருத்தையும் பெற்றுக்கொடுக்க வேண்டும்.' இந்த ஒரு வசனத்துக்காகத்தான் அத்தனை ரயில்களிலும் ஏறி இறங்கினேன். எங்கள் தமிழ் ஆட்கள் தாமாகக் கேட்க மாட்டார்கள். வைத்தியர் முன்னால் தலையாட்டிவிட்டு வெளியே வந்து அழுவார்கள்.

வாக்கெடுப்புக்கு முன் ஒரு படிவம் வந்தது. மருந்துக் கம்பனிகளோடு தொடர்பு உண்டா, வேறு சொந்த நலன் உண்டா? மற்ற நோயாளிப் பெண் 'இல்லை' என்று எழுதிவிட்டுப் பேனையை மூடினாள். என்னுடையது பதினேழு வயதில் அகதி விண்ணப்பம் நிரப்பிய கை. ஒன்றை விட்டால் பொய் என்பார்கள், பொய் என்றால் திருப்பி அனுப்புவார்கள். அந்தப் பயம் இன்னும் விரலை விட்டுப் போகவில்லை. அண்ணையின் வயது, புண், கால் எடுக்கக் குறித்த திகதி எல்லாம் எழுதினேன். இடம் போதாமல் பின்பக்கமும் எழுதினேன்.

கூட்டத் தலைவர் கனிவான மனிதர். எல்லாவற்றையும் வாசித்திருந்தார். இந்த வசனத்துக்கு மட்டும் நான் வாக்களிக்க முடியாது, விதி அப்படி என்று மன்னிப்புக் கேட்டார். கைகளை மடியில் வைத்துக்கொண்டு மற்றவர்களின் கைகளை எண்ணினேன். 'வேண்டும்' நிற்பதற்கு ஒன்று குறைந்தது. 'பெற்றுக்கொடுக்கலாம்' என்று எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார்கள்.

தொலைபேசியில் அண்ணையிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

"என்ர சாதகத்தையும் எழுதிக் குடுத்தனியோ?" என்று சிரித்தார்.

"பகிடியை விடுங்கோ அண்ணை. வேற டொக்டரிட்டையும் காட்டப்போறன் எண்டு நீங்களே சொல்லுங்கோ."

"அவர் நல்ல மனுசன், பிள்ளை. என்னை நம்பேல்லையோ எண்டு நினைப்பார். ஏலாது."

நான் வந்து கேட்கிறேன் என்றேன். ஏற்கெனவே கையெழுத்து வைத்துவிட்டதாகச் சொன்னார்.

திங்கட்கிழமை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். கண் விழித்ததும் அண்ணை அந்த வைத்தியரின் கையைப் பிடித்து நன்றி சொன்னாராம்.