ராகு காலம் இல்லாத கணினி

கடலூரில் பேருந்து ஏறிச் சிதம்பரத்தில் இறங்கினால், ஏறிய நேரம், இறங்கிய நேரம், வழியில் ரயில்வே கேட்டில் நின்ற நேரம் மூன்றும் என் நாட்குறிப்பில் இருக்கும். இதனால் இதுவரை யாருக்கும் எந்தப் பயனும் ஏற்பட்டதில்லை. அப்படிப்பட்ட நான்தான் 2011இல் மூன்று கணினிகளைப் பொய் நேரம் சொல்ல வைத்தேன். அதனால் என் கல்யாணம் மங்கலம்பேட்டைக்காரர் ஒருவருக்குப் போகப் பார்த்தது. நேரத்தை எழுதி வைப்பவன் இதையும் எழுதி வைப்பதுதான் நியாயம்.

ஆரம்பம் 2004. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு அறையில் தங்கி, ஒரு பாலிடெக்னிக்கின் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கணினியில் ஓடும் எந்த மென்பொருளும் எல்லா வேலையையும் தானே செய்வதில்லை. கோப்பைத் திறக்க வேண்டுமா, மணி என்ன என்று தெரிய வேண்டுமா, இயங்குதளத்தோடு வரும் லைப்ரரி என்ற பொது நிரல் தொகுப்பைக் கூப்பிட்டுக் கேட்கும். அந்தக் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் நாம் எழுதிய ஒன்றை உட்கார வைக்கலாம் என்று அந்த வருடம் படித்தேன். கேள்வி முதலில் நம்மிடம் வரும். விருப்பமிருந்தால் உள்ளே அனுப்பலாம், இல்லாவிட்டால் நாமே ஒரு பதிலைச் சொல்லி அனுப்பிவிடலாம். கேட்ட மென்பொருளுக்கு வித்தியாசம் தெரியாது.

இது எனக்கு உடனே புரிந்ததற்குக் காரணம் என் அக்கா. அவள் கணவர், அதாவது என் மாமா, சிதம்பரம் கோயில் வீதி ஒன்றில் அச்சகம் வைத்திருந்தார். முக்கால்வாசி கல்யாணப் பத்திரிகைதான். வீட்டில் தொலைபேசி அடித்தால் அக்காதான் எடுப்பாள். "அவுங்க வெளியில போயிருக்காங்க. உங்க கார்டு நாளைக்கு ரெடியாவும்" என்பாள். மாமா பக்கத்திலேயே உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருப்பார். கேட்டவர் அச்சகத்தைக் கேட்டார், பதில் சொன்னது அக்கா. என் பாடப் புத்தகத்தில் நாற்பது பக்கம் இருந்த விஷயம் இவ்வளவுதான்.

என் முதல் முயற்சி என் குணத்துக்கு ஏற்றதாகவே இருந்தது. எந்த மென்பொருள் எந்தக் கோப்பைத் திறந்தாலும் அதைத் தேதி, நேரத்தோடு ஒரு குறிப்பேட்டுக் கோப்பில் எழுதும்படி செய்தேன். ஆனால் எழுத வேண்டுமென்றால் குறிப்பேட்டைத் திறக்க வேண்டும். அதுவும் ஒரு கோப்பைத் திறப்பதுதான், எனவே அதையும் எழுத வேண்டும். அதை எழுத மறுபடி திறக்க வேண்டும். நான் தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் கணினி தன் வரலாற்றை எழுதத் தொடங்கிய வரலாற்றை எழுதிக்கொண்டே மூச்சு முட்டி நின்றுவிட்டது.

லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் இந்த வித்தை எளிது. "முதலில் என் லைப்ரரியை ஏற்று" என்று ஒரு வரி சொன்னால் போதும். விண்டோஸில் அப்படி ஒரு வாசல் இல்லை. ஒவ்வொரு மென்பொருளும் தான் கூப்பிட வேண்டியவர்களின் முகவரியைப் பட்டியலாக வைத்திருக்கும். உள்ளே நுழைந்து அந்தப் பட்டியலில் ஒரு முகவரியை அழித்து நம் முகவரியை எழுத வேண்டும். மேக் பார்ப்பதற்கு லினக்ஸ் போலத்தான் இருக்கும், ஆனால் எந்தக் குட்டி நிரல் எந்த லைப்ரரியிலிருந்து வந்தது என்பதையும் நினைவில் வைத்திருக்கும். அதை மறக்கச் சொல்ல இன்னொரு வரி வேண்டும். இந்த மூன்றையும் நான் முழுதாகக் கற்றுக்கொள்ள ஆறு வருடம் ஆயிற்று. என்ன பயன் என்று அதுவரை யாரும் கேட்கவில்லை. 2011 சித்திரையில் மாமா கேட்டார்.

கல்யாணப் பத்திரிகையை ராகு காலத்திலும் எமகண்டத்திலும் தொடக்கூடாது என்பது வாடிக்கையாளர்கள் கட்டளை. மாமாவுக்கு அதில் நம்பிக்கையும் இல்லை, விரோதமும் இல்லை. ஆனால் அந்த வருடம் காலையில் போகும் மின்சாரம் அச்சகம் இருந்த வீதியில் பத்தேகால், பத்தரைக்குத்தான் திரும்பி வரும். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம், திங்கள்கிழமை பத்தரைக்கு எமகண்டம். கரண்ட் இருந்தால் நேரம் இல்லை, நேரம் இருந்தால் கரண்ட் இல்லை.

"திருட்டுத்தனமா செஞ்சிடலாம்தான் மச்சான்," என்றார் மாமா. "ஆனா புரூப் ஓரத்துல டைம் போட்டுத் தொலைக்குதே. அத எடுத்துட்டா, ஏன் எடுத்தீங்க, என்னாத்த மறைக்கிறீங்கன்னு கேக்குறாங்க."

புரூப் என்பது அச்சடிப்பதற்கு முன் வாடிக்கையாளரிடம் காட்டும் மாதிரித் தாள். அதன் மூலையில் தேதியும் நேரமும் விழும். கணினியின் கடிகாரத்தையே மாற்றிப் பார்த்தார் மாமா. திருப்பி வைக்க மறந்ததில் அச்சகம் பதினோரு நாள் பங்குனியிலேயே இருந்தது. எனக்கு அந்தக் கோப்புகளின் தேதிகளைப் பார்க்கவே உடம்பு கூசியது.

"கணினிக்கு உண்மையான நேரம் தெரியட்டும் மாமா. அந்த ஒரு மென்பொருள் கேக்கும்போது மட்டும் வேற சொல்லிக்கலாம்."

"உங்க அக்கா மாதிரி."

"அக்கா மாதிரியேதான்."

முதலில் ராகு காலம் முழுக்க நேரத்தை அப்படியே நிறுத்தினேன். மென்பொருள் அரை நொடி காத்திருக்க நினைத்து, அந்த அரை நொடி வராமல், சிலையாக நின்றது. பிறகு யோசித்து இப்படிச் செய்தேன்: ராகு காலத்துக்குப் பதினைந்து நிமிடம் முன்பிருந்தே கடிகாரம் ஏழு மடங்கு மெதுவாகும். பத்தேகாலிலிருந்து பன்னிரண்டு வரையுள்ள நூற்றைந்து நிமிடமும் பத்தேகாலுக்கும் பத்தரைக்கும் நடுவில் அடங்கிவிடும். பன்னிரண்டானதும் ஒரே தாவல். ராகு காலம் என்ற ஒன்று அந்த மென்பொருளின் வாழ்க்கையில் வரவே வராது. இரண்டு விண்டோஸ், புதுச்சேரியில் பழசாக வாங்கிய ஒரு மேக், மூன்றிலும் ஏற்றினேன். வெள்ளிக்கிழமைகளில் திரையில் கர்சர் ஏழு மடங்கு மெதுவாகச் சிமிட்டியது.

"அதுக்கும் வெயில் தாங்கல," என்றாள் அக்கா.

இந்தச் சமயத்தில்தான் எனக்கு வைகாசியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் வீடு பெண்ணாடம். என் வருங்கால மாமனார் கரும்பு விவசாயி, என்னைப் போலவே நேரக்காரர், ஆனால் வேறு வகை. எனக்கு முன்னால் வந்த ஒரு வரனை அவர் தட்டிக் கழித்ததற்குக் காரணம், ஜாதகத்தை அவர்கள் ராகு காலத்தில் ஜெராக்ஸ் எடுத்தார்கள் என்பது. நிச்சயதார்த்தத்தன்றே சொல்லிவிட்டார்: "பத்திரிகை நல்ல நேரத்துல அடிக்கணும் மாப்ள. அதுல தப்பு நடந்தா நான் யோசிக்க வேண்டியிருக்கும்." என்ன யோசிப்பார் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. பெண்ணை எனக்குப் பிடித்திருந்தது. என் நாட்குறிப்பைப் பார்த்துச் சிரித்த பிறகும் என்னோடு பேசிய முதல் பெண் அவர்.

பத்திரிகை செய்யக் குறித்த வெள்ளிக்கிழமை நான் விடுப்பு எடுத்துக்கொண்டு சிதம்பரம் போனேன். பத்து இருபதுக்குக் கரண்ட் வந்தது. மாமா வழக்கம்போல ஒரு பழைய பத்திரிகையைத் திறந்தார். போன மாதம் அடித்த மங்கலம்பேட்டைக் கல்யாணம். அதன் மேலேயே திருத்திப் புதுசு செய்வதுதான் அவர் முறை. தேதி, இடம், பெண் வீட்டு விவரங்களை மாற்றிப் பத்தரைக்கு ஒரு முறை சேமித்தார். அப்புறம் ஒரு மணி நேரம் மாப்பிள்ளை பக்கம். என் பெயர், படிப்பு, அப்பா, தாத்தா, வரிசையாக மாமன்மார்கள். பதினொன்று இருபத்தைந்துக்குச் சொல்லாமல் கொள்ளாமல் கரண்ட் போயிற்று. யூபிஎஸ்ஸின் பேட்டரி செத்துப் பல மாதம்.

"கவலப்படாத," என்றார் மாமா. "பத்து நிமிஷத்துக்கு ஒருவாட்டி அதுவே சேவ் பண்ணிக்கும்."

உண்மைதான். அது பத்து நிமிடத்துக்கு ஒரு முறை தானாகச் சேமிக்கும். அதன் கணக்கில் பத்து நிமிடம். நான் செய்து வைத்த வேலையால் அது எழுபது நிமிடம் ஆகியிருந்தது என்பது மாமாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கரண்ட் திரும்பியது. மாமா கோப்பைத் திறந்து மேல் வரிகளைப் பார்த்தார். பெண் வீடு சரியாக இருந்தது. பதினொன்றே முக்காலுக்குப் புரூப் எடுத்து என் கையில் கொடுத்தார். நான் நேராக மூலையைப் பார்த்தேன். 10:27. என் வாழ்க்கையில் ஒரு எண் இவ்வளவு அழகாக இருந்ததில்லை. வேறு எதையும் படிக்கவில்லை.

பன்னிரண்டரைக்கு மாமனார் வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவரும் நேராக மூலையைப் பார்த்தார்.

"பத்து இருவத்தேழு," என்றார். "ராகு காலத்துக்கு மூணு நிமிஷம் முன்னாடி. பிரமாதம் மாப்ள."

கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு மோர் குடித்துப் போனார். சனிக்கிழமை ஐந்நூறு பத்திரிகை அச்சாயிற்று.

செவ்வாய்க்கிழமை காலை எனக்கு ஆய்வகத்தில் தொலைபேசி வந்தது. அக்கா. பத்திரிகைகளின் நான்கு ஓரமும் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தவள், முப்பதாவதில் எதற்கோ படித்துப் பார்த்திருக்கிறாள்.

"டேய், பொண்ணு உனக்கா, மங்கலம்பேட்டக்காரனுக்கா?"

"என்னக்கா சொல்ற?"

"மாப்ள எடத்துல அவன் பேரு இருக்கு. அவனுக்குப் போன மாசமே கல்யாணம் ஆயிடுச்சுடா. நாமதான் கார்டு அடிச்சோம்."

அடுத்த பேருந்தில் ஏறினேன். அன்று ஏறிய நேரம் நாட்குறிப்பில் இல்லை. எழுதத் தொடங்கியதிலிருந்து அந்த ஒரு நாள்தான் விடுபட்டிருக்கிறது.

நான் போவதற்குள் அக்கா பெண்ணாடத்துக்கும் பேசியிருந்தாள். "கார்டுல ஒரு சின்ன திருத்தம், நேர்ல வந்தா நல்லாருக்கும்" என்று மட்டும் சொன்னாளாம். மாமனார் மூன்றேகாலுக்கு வந்து சேர்ந்தார். பத்திரிகையைக் கையில் கொடுத்தோம். இந்த முறை மூலையில் ஒன்றும் இல்லாததால் நடுவிலிருந்து படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். மறுபடி பத்திரிகையைப் பார்த்தார்.

"யாரு இவரு?"

மாமா வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன். பொய் நேரத்தில் வந்த வினை, உண்மை நேரத்திலாவது தீரட்டும் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஆறு வருடப் படிப்பு, லைப்ரரி, ஏழு மடங்கு, கர்சர் எல்லாம். அவருக்கு ஒரே ஒரு விஷயம்தான் புரிந்தது.

"அப்ப பத்து இருவத்தேழு?"

"நெஜத்துல பதினொன்னே முக்கால்."

"பாத்தீங்களா!" என்று மேசையைத் தட்டினார். "ராகு காலம் என்னா பண்ணும்னு கேப்பீங்களே. மாப்ளையவே மாத்திடுச்சு!"

கல்யாணம் போய்விட்டது என்று நினைத்தேன். அக்கா பழைய புரூப்பை மெதுவாக எடுத்து அவர் முன் விரித்தாள்.

"கையெழுத்து உங்களதுதானே? அம்மாகிட்ட காட்டினீங்களா?"

அம்மா என்றது அவர் மனைவியை. மாமனார் அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் பெண்ணை மங்கலம்பேட்டையில் ஏற்கெனவே கல்யாணமானவருக்குக் கொடுப்பதாக அவர் பேனாவில் ஒப்புக்கொண்டிருந்தார்.

"அவளுக்குத் தெரிய வேணாம்," என்றார். "நாளைக்குக் காலையில பத்திரிகை வைக்கக் கெளம்பணும். இப்பவே மாத்தி அடிங்க தம்பி."

"இப்ப ராகு காலம். நாலரை வரைக்கும்," என்றார் மாமா.

"நாலரைக்கு மேல அடிங்க."

"நாலரைக்குக் கரண்ட் போவும்."

மாமனார் வாசலுக்குப் போய் வெயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். "மாப்ள பேரு சரியா இருந்தா போதும்," என்றார்.

நான் என் லைப்ரரியைக் கழற்றினேன். மாமா இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை கையாலேயே சேமித்தார். புரூப் வந்ததும் நான்கு பேரும் சத்தமாகப் படித்தோம், மாமனார் இரண்டு முறை. என் பெயர் இருந்தது. மூலையில் செவ்வாய்க்கிழமை, 3:48 என்று இருந்தது. அப்பட்டமான ராகு காலம், அப்பட்டமான உண்மை.

மாமனார் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மேசையில் காகிதம் வெட்டும் கத்தரிக்கோல் கிடந்தது. அதை எடுத்து மூலையை மட்டும் கச்சிதமாக வெட்டி, துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மிச்சத்தில் கையெழுத்துப் போட்டார்.

"இதுக்கா மாப்ள ஆறு வருஷம் படிச்சீங்க?"

கத்தரிக்கோல் விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஒரே மாதிரி வேலை செய்யும் என்பதை நான் அன்று குறித்துக்கொண்டேன்.

கல்யாணம் வைகாசியில் நடந்தது. தாலி கட்டியதும் மாமனாரும் நானும் ஒரே நேரத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்ததாக வீடியோவில் இருக்கிறது. மங்கலம்பேட்டைக்காரர் மாப்பிள்ளையாக உள்ள பத்திரிகை ஒன்று என் நாட்குறிப்பில் ஒட்டியிருக்கிறது. மனைவி அதைப் பார்த்துவிட்டு, "இவுரு எப்படி இருப்பாரு?" என்று இரண்டு முறை கேட்டிருக்கிறார். மாமியாருக்கு இன்றுவரை எதுவும் தெரியாது. அவர் கேட்டால் சொல்வதற்கு அக்காவிடம் ஒரு பதில் தயாராக இருக்கிறது.