வாத்துத் தலை ஊக்கு

பெல்ஃபோர்ட் கல்லூரியின் அமெரிக்க ஃபுட்பால் அணியில் எவன் உண்மையாக ஆடினான், எவன் ஆடுவதுபோல் நடித்தான் என்பது பயிற்சியாளருக்கு முன்பே டெல்ஃபா ரைமருக்குத் தெரிந்துவிடும். அவள் ஆட்டத்தைப் பார்ப்பதில்லை. சனிக்கிழமை சாயங்காலம் சலவை அறையில் வந்து விழும் கால்சட்டைகளைப் பார்ப்பாள். முழங்காலில் புல் கறை இல்லையென்றால் அந்தப் பையன் விழவேண்டிய இடத்தில் விழவில்லை. பனியனின் கழுத்து கிழிந்திருந்தால் எதிராளி பிடித்து இழுத்திருக்கிறான், நடுவர் பார்க்கவில்லை. துண்டு வியர்வையில்லாமல் நடுவில் மட்டும் நனைந்திருந்தால் எவனோ முகத்தைப் புதைத்து அழுதிருக்கிறான். இதையெல்லாம் அவள் யாரிடமும் சொன்னதில்லை.

பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு, பத்தொன்பது வயதில் அந்த அறைக்குள் நுழைந்தவள். இப்போது ஐம்பத்தெட்டு. நாலு பேர் சேர்ந்து நின்றால் கூடையைத் தூக்கிக்கொண்டு சுற்றுவழியாகப் போய்விடுவாள்.

அப்படிப்பட்டவள் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வாய் திறப்பாள். அதுவும் ஒரு துண்டுச் சீட்டில்.

மேற்கே எழுபது மைல் தள்ளி இருக்கிறது கெட்டில் ரிவர் பல்கலைக்கழகம். நவம்பர் கடைசி சனிக்கிழமை பெல்ஃபோர்டும் கெட்டில் ரிவரும் மோதிக்கொள்ளும். ஒரு வருடம் இங்கே, அடுத்த வருடம் அங்கே. தொண்ணூற்றொரு வருடமாக அப்படித்தான். அன்றைக்கு ஊர் முழுக்க மிளகாய்க் கறியும் லவங்கப்பட்டை ரொட்டியும் மணக்கும். மாமனும் மருமகனும் பேசிக்கொள்ள மாட்டார்கள்.

வெளியூர் அணிக்குக் குளிக்கத் துண்டு கொடுப்பது உள்ளூர்க்காரர்கள் வேலை. இருபத்தாறு வருடங்களுக்கு முன்பு, கெட்டில் ரிவர் ஆட்டக்காரர்களின் சாம்பல் கோடு போட்ட துண்டு ஒன்று, அங்கே ஆடிவிட்டுத் திரும்பிய பெல்ஃபோர்டின் அழுக்கு மூட்டையில் கலந்து வந்துவிட்டது. டெல்ஃபா அதைத் துவைத்து, இஸ்திரி போட்டு, அடுத்த வருடம் அவர்கள் வந்தபோது விருந்தினர் உடைமாற்றும் அறையின் பெஞ்சில் வைத்தாள். அதோடு ஒரு சீட்டு. குத்துவதற்கு வேறெதுவும் கிடைக்காமல், மகள்களுக்குக் கைக்குழந்தை வயதில் இடுப்புத் துணி கட்டப் பயன்பட்ட மஞ்சள் வாத்துத் தலை ஊக்கைக் குத்தினாள். சீட்டில் இருந்தது இவ்வளவுதான்:

"உங்க துண்டுல வேர்வையே இல்ல. ஆட வந்தீங்களா, உக்காந்துட்டுப் போக வந்தீங்களா?"

எழுதிவிட்டு, தானா எழுதினோம் என்று இரண்டு தடவை படித்துப் பார்த்தாள்.

அடுத்த வருடம் பெல்ஃபோர்ட் அணி அங்கே போய் வந்தபோது மூட்டைக்குள் பெல்ஃபோர்டின் பச்சைத் துண்டு ஒன்று இருந்தது. முந்தின வருடம் இங்கிருந்து காணாமல் போனது. அதில் ஒரு சீட்டு: "உங்க துண்டை மூணு தடவை துவைச்சேன். தோத்த நாத்தம் போகல. வான்டா புயெல், சலவைப் பிரிவு."

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. போகிறவர்கள் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு போவார்கள், மறுவருடம் சீட்டோடு திருப்புவார்கள். டெல்ஃபாவின் ஒவ்வொரு சீட்டும் ஒரு வாத்துத் தலை ஊக்கோடுதான் போகும். உலர்த்தி ஓடும்போது டெல்ஃபா மனசுக்குள் சீட்டு எழுதிக்கொண்டிருப்பாள். ஜனவரியில் ஒரு வாசகம் தோன்றும். ஏப்ரலில் அதைத் தூக்கிப்போடுவாள். ஆகஸ்டில் அதைவிடக் காரமாக ஒன்று கிடைக்கும். வான்டா லாரியோடு இங்கே வருகிறவள். சரக்கு இறக்கும் வாசலில் நின்று, "எங்கடி அந்த ஊமை?" என்று கத்துவாள். டெல்ஃபா தலையை மட்டும் ஆட்டுவாள். பதின்மூன்று சந்திப்பில் அவர்கள் பேசியதை ஒரு தாளில் அடக்கிவிடலாம். ஆனாலும் டெல்ஃபாவை அவ்வளவு நன்றாகத் தெரிந்தவர்கள் அந்த மாநிலத்தில் வேறு யாரும் இல்லை. கட்டிய கணவன் மெர்லையும் சேர்த்துத்தான்.

பிறகு கெட்டில் ரிவரைப் பெரிய விளையாட்டுக் கூட்டமைப்பு ஒன்று சேர்த்துக்கொண்டது. மேற்குக் கடற்கரைப் பல்கலைக்கழகங்களெல்லாம் இருக்கும் கூட்டமைப்பு அது. அதற்குச் சொந்தமாக ஒரு டிவி சேனலே உண்டு.

பெல்ஃபோர்ட் அணியின் விளையாட்டுச் சாமான்கள் பிரிவுத் தலைவன் க்ளெட் நைஹஸ் சலவை அறைக்கே வந்து சொன்னான்.

"மொத்தம் பன்னெண்டு ஆட்டம், டெல்ஃபா. அதுல ஒம்பது கூட்டமைப்புக்குள்ளயே ஆடணும். மிச்சம் மூணு. ஒண்ணு டிவிக்காரன் கேக்கறது. ரெண்டு, சொந்த மைதானத்துல சுலபமா ஜெயிக்கறது. நவம்பர் கடைசி சனி இனி அவங்க கையிலயே இல்ல."

"அப்ப நாம?"

"நாம எதுலயும் இல்ல."

அலமாரியில் கெட்டில் ரிவரின் துண்டு ஒன்று மடித்தபடி இருந்தது. கடைசி ஆட்டம் அங்கே நடந்தது, ஆகவே திருப்ப வேண்டிய முறை இவளுடையது. சீட்டும் தயார். இதுவரை எழுதியதிலேயே நல்ல சீட்டு அதுதான்.

"தபால்ல அனுப்பிடேன்," என்றான் மெர்ல்.

"தபால்ல போனா அது வெறும் பார்சல்," என்றாள்.

மூன்றாவது வருடம், நவம்பர் கடைசி சனி. பெல்ஃபோர்டுக்கு ஆட்டம் இல்லை. மெர்ல் கூட்டமைப்பின் சேனலை வைத்திருந்தான். கெட்டில் ரிவரும் ஒரு கடற்கரைப் பல்கலைக்கழகமும் ஆடுகின்றன. இரண்டாயிரம் மைல் இடைவெளி. 'மாபெரும் பகை' என்று திரையில் எழுத்து எரிந்தது. இரண்டு வருடப் பகை. அதற்குள் ஒரு கோப்பை, அதற்கொரு பெயர், அதன்மேல் ஒரு நங்கூரம்.

ஆட்டத்துக்கு முன்னால் திரையில் வான்டா வந்தாள். தலைக்குச் சாயம் போட்டிருந்தாள். பக்கத்தில் ஒரு இளம்பெண், பளபளவென்ற கூந்தல், மாரிசோல் என்று பெயர் ஓடியது. கடற்கரை அணியின் சலவைப் பிரிவாம். நகத்தைப் பார்த்தவுடனே டெல்ஃபாவுக்குத் தெரிந்தது, அந்த விரல்கள் சலவைச் சோடாவைத் தொட்டதில்லை. இருவரும் சிரித்துச் சிரித்துத் துண்டு மாற்றிக்கொண்டார்கள். துண்டில் சீட்டு.

"எங்க பக்கத்துல இது பழைய வழக்கம்," என்றாள் வான்டா ஒலிவாங்கியில்.

யாரோடு என்று சொல்லவில்லை.

கேமரா சீட்டின் அருகே போனது. டெல்ஃபா எழுந்து டிவியின் முன்னால் குனிந்தாள். சீட்டைக் குத்தியிருந்தது மஞ்சள் வாத்துத் தலை ஊக்கு.

"மெர்ல், அது என் ஊக்கு."

"அதனால என்ன?"

"என் ஊக்கை எவ துண்டுலயோ குத்தியிருக்கா!"

"புருஷன் ஓடிப்போனவகூட இப்படி மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கமாட்டா," என்றான் மெர்ல், மிளகாய்க் கறியில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டே.

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் அது அப்படித்தான் இருந்தது. அந்தக் குளிர்காலம் முழுக்க உலர்த்தியின் சத்தத்தில் அந்தப் பெண்ணின் சிரிப்பு கேட்டது. அவள் என்ன எழுதியிருப்பாள்? வான்டா அதைப் படித்துவிட்டு, முன்பெல்லாம் சிரித்ததுபோல் தொடையில் தட்டிச் சிரித்திருப்பாளா? பதின்மூன்று ஊக்குகள் அனுப்பியிருக்கிறாள் இவள். மீதிப் பன்னிரண்டும் யார் துண்டுக்குப் போகப்போகின்றன? மாரிசோலின் படத்தைப் பேத்தியின் போனில் தேடச் சொல்லிப் பார்த்தாள். சிரிக்காத படம் ஒன்றாவது இருக்கிறதா என்று தேடினாள். இல்லை.

மறு வருடம் ஒரு செய்தி வந்தது. கெட்டில் ரிவருடன் செப்டம்பரில் ஆட வேண்டிய அணி ஒன்று விலகிக்கொண்டது. காலியிடத்துக்குப் பெல்ஃபோர்டைக் கூப்பிட்டார்கள். முதல் சனிக்கிழமை, காலை பதினோரு மணி. டிவிக்காரர்களுக்கு அந்த நேரந்தான் தோது.

"கோழியை விருந்துக்குக் கூப்பிடற மாதிரி," என்றார்கள் ஊரில்.

"நாமதான் அந்த 'சுலபமா ஜெயிக்கற' ஆட்டம்," என்றான் க்ளெட்.

"லாரில எனக்கு இடம் இருக்குமா?" என்றாள் டெல்ஃபா.

க்ளெட் காதைத் தேய்த்துக்கொண்டான். "நீங்களா கேட்டது? இன்னொரு தடவை சொல்லுங்க, சாட்சிக்கு ஆளைக் கூப்பிடறேன்."

அவள் துண்டை எடுத்துக்கொண்டாள். மறுபடியும் துவைத்து, விளிம்பு கத்திபோல் நிற்க இஸ்திரி போட்டாள். சீட்டைக் குத்தவில்லை. ஊக்கையும் குத்தவில்லை. சீட்டு மேலங்கிப் பைக்குள் இருந்தது. வெறும் துண்டை நீட்டுவதுதான் அவளுக்குத் தெரிந்ததிலேயே பெரிய வசவு.

கெட்டில் ரிவரின் புதிய சலவைக்கூடம் ஒரு விமான நிலையம்போல் இருந்தது. பதினெட்டு இயந்திரங்கள். டெல்ஃபா அவற்றை எண்ணியது வயிற்றெரிச்சலில்தான். ஓரத்தில் வான்டா. கழுத்தில் அடையாள அட்டை, மணிக்கட்டில் பழைய சூட்டுத் தழும்பு.

"ஊமை! அடியே, நீயா? நீயே வந்துட்டியா?"

டெல்ஃபா துண்டை நீட்டினாள்.

வான்டா இரண்டு கையாலும் வாங்கினாள். மேல் மடிப்பைப் பார்த்தாள். திருப்பினாள். பிரித்து உதறினாள். தரையைப் பார்த்தாள். மறுபடி மடிப்புக்குள் விரல் விட்டுத் தேடினாள். டெல்ஃபா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிவதைப் பார்த்தாள். இதைப் பார்க்கத்தான் எழுபது மைல் வந்திருந்தாள்.

"சீட்டு எங்க?"

"அதான் புதுசா ஒருத்தி எழுதறாளே."

"மாரிசோலா? அவ டிவிக்காரங்க பக்கத்து ஆளு. சீட்டெல்லாம் அவங்க எழுதிக் குடுப்பாங்க, நான் குத்துவேன்." வான்டா நிறுத்தினாள். பொய் சொல்லத் தெரியாதவள். "ஆனா பொண்ணு நல்லவதான். போன்ல தினமும் எதாவது அனுப்பிச் சிரிக்கவைப்பா."

'தினமும்' என்ற சொல் டெல்ஃபாவை ஊசியாகக் குத்தியது. தனக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, அவளுக்குத் தினமும்.

"மத்தவ துண்டுல என் ஊக்கைக் குத்தாதே," என்றாள். குரல் உயர்ந்துவிட்டது. கேமரா தூக்கிக்கொண்டு போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

வான்டா கண்ணைச் சுருக்கினாள். "பொறாமையாடி உனக்கு?"

"ஆமா."

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள் டெல்ஃபா. முதுகுக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம் வரும் என்று காத்துக்கொண்டே நடந்தாள். வரவில்லை.

பெல்ஃபோர்ட் ஐம்பத்திரண்டுக்கு ஆறு என்று தோற்றது. ஊர் வந்து மூட்டையைக் கொட்டியபோது, புல் கறைகள் நிறைய இருந்தன. பையன்கள் உண்மையாகத்தான் விழுந்திருந்தார்கள். அடியில் சாம்பல் கோடு போட்ட புதுத் துண்டு ஒன்று கிடந்தது. நடுவில் ஒரு சீட்டு. வாத்துத் தலை ஊக்கு.

"மீதிப் பதினொண்ணு டப்பாவில இருக்கு. கேக்கத் தைரியம் இருந்தா மறுபடி வா. நீ பேசினதுல எனக்கு ரெண்டு நாள் தூக்கம் வராது, பாவி."

டெல்ஃபா அதை விளக்கடியில் வைத்துப் பார்த்தாள். டிவிக்காரர்கள் எழுதிக் கொடுத்ததாகவும் இருக்கலாமே. தாளின் ஓரத்தில் நீலச் சோப்பு பட்ட கட்டைவிரல் தடம் இருந்தது. ஆனாலும் அவள் முழுசாக நம்பவில்லை.

நவம்பர் கடைசி சனி வந்தது. அவளே சேனலை வைத்தாள். அதே எரியும் எழுத்து, அதே நங்கூரக் கோப்பை. வான்டாவும் மாரிசோலும் துண்டு மாற்றிக்கொண்டார்கள். மாரிசோல் அழகாகத்தான் சிரித்தாள். கேமரா சீட்டின் அருகே போனது. டெல்ஃபா டிவியின் முன்னால் குனிந்தாள்.

சாதாரண இரும்பு ஊக்கு.

"இனி எதை வேணா வெச்சுக்கோ," என்று மெர்லிடம் ரிமோட்டைக் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

திங்கட்கிழமை புதுத் துண்டை இஸ்திரி போட்டு மடித்தாள். பையில் கிடந்து மூலை சுருண்டிருந்த பழைய சீட்டையும் சேர்த்து இஸ்திரி போட்டாள். வாத்துத் தலை ஊக்கால் குத்தினாள். இன்னொரு ஆட்டம் எப்போது என்று யாருக்கும் தெரியாது, கூட்டமைப்பு சொல்லவில்லை. தபால் அலுவலகத்துக்கு நடந்தாள்.

"உள்ள என்ன?" என்றாள் சாளரத்துப் பெண்.

"துண்டு."

"கெட்டில் ரிவருக்கா? ஏன், பணக்காரக் கூட்டமைப்புக்குப் போய்த் துண்டு இல்லாம நிக்கறாங்களா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எல்லோரும் தன்னைப் பார்ப்பது தெரிந்தும் டெல்ஃபா சுற்றுவழி தேடவில்லை.

"அங்க நிறைய இருக்கு," என்றாள். "இது என் முறை."