கறிவேப்பிலைத் தொட்டிக்கு ஒரு சாண் முன்னால்

பொம்மைக் காரை ஓட வைக்க யாராலும் முடியும். அதை நிற்க வைப்பதுதான் என் தொழில். ரிமோட்டில் ஓடும் கார்களைப் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன், பூந்தமல்லியில், மெட்ரோவுக்காகத் தோண்டிப்போட்ட சாலையிலிருந்து ஒரு சந்து உள்ளே. வேகத்தில் போகிற கார் திடீரென்று பிரேக் பிடித்தால் சக்கரம் இறுகி, வண்டி வழுக்கும். அதனால் பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கும்படி ரிமோட்டில் சில எண்களை வைக்க வேண்டும். அதுதான் ஏபிஎஸ். வாடிக்கையாளருக்கும் வண்டிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு பிழைக்கிற சக பாவிகளே, உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்!

எச்சரிக்கை

ஓட்டிப் பார்க்க எனக்கிருக்கும் ஒரே இடம் கடைக்குப் பின்னாலுள்ள முட்டுச்சந்து. அதன் கோடியில், கட்டடத்துச் சொந்தக்காரர் சுலோச்சனா அக்காவின் சிமென்ட் தொட்டி. தொட்டியில் கறிவேப்பிலைச் செடி. இரண்டு தடவை மோதிவிட்டேன். இரண்டாவது மோதலில் தொட்டியில் விரிசல். கடையும் சந்தும் சேர்ந்தாற்போல் இந்த வட்டாரத்தில் வேறெங்கும் கிடைக்காது என்பது எனக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும். துடைப்பத்தோடு வந்து நின்றார்.

"த பாரு நைனா, இன்னொரு தபா உன் காரு என் தொட்டிய இடிச்சிச்சின்னு வெய்யி, அன்னிக்கே கடைய காலி பண்ணிகினு போய்க்கினே இரு."

நம்பிக்கை

ஐயப்பன்தாங்கல் அடுக்ககத்திலிருந்து ஓர் ஐடிக்காரர் வந்தார். சொந்த ஊர் ஈரோடு. அவருடைய காருக்கு ஒரு காலை முழுக்க உட்கார்ந்து ஏபிஎஸ் சரிசெய்து கொடுத்தேன். மனிதர் ரிமோட்டை வாங்கி, கடைச் சுவரை நோக்கி முழு வேகத்தில் விட்டார். சுவருக்கு ஒரு முழம் இருக்கும்போது நிதானமாக பிரேக் பிடித்தார். மோதாமல் என்ன செய்யும்?

"ஏபிஎஸ் வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் சார், ஆனால் பிரேக்கை நேரத்தோடு பிடிக்க வேண்டியது நாம்தான்" என்றேன். அவருக்கு ஏதோ பழைய புதிர் விடுபட்டதுபோல் முகம் மலர்ந்தது.

"அட, அதானுங்களா! நானு ஆபீசுக்கு ஓட்டற நெசக் காருக்கு ரெண்டு தடவை முன்பம்பர் மாத்திப்போட்டனுங்க."

நூற்றுக்கு நூறு

மாரி வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். அவரிடம் பெரிய கார் ஒன்று, சின்னக் கார் ஒன்று; இரண்டுக்கும் ஒரே ரிமோட். பெரிய காருக்கு நான் பார்த்துப் பார்த்து வைத்த எண்களையெல்லாம் வீட்டில் போய் நூறுக்கு ஏற்றிவிட்டார். பிரேக் பிடித்ததும் வண்டி குளிர்ஜுரம் வந்ததுபோல் உதறியிருக்கிறது. பிரேக்கை இழுக்கும் குட்டி மோட்டாரில் ஒரு பல்சக்கரத்துக்குக்கூடப் பல் மிச்சமில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஏனய்யா இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"கம்மியா தான் வெக்கணும்னா, இன்னாத்துக்கு மாமே நூறு வரிக்கும் குட்த்துகீறான்?"

ஞாயிற்றுக்கிழமை

அதே மாரிக்கு மாங்காட்டில் ஒரு காலி மனையில் பந்தயம். காலையிலேயே வந்து தலைமேல் நின்றார். புது மோட்டார் போட்டு, எண்களைத் திருத்தி, சந்தில் பெரிய காரை விட்டேன். ரிமோட்டில் ஒவ்வொரு காருக்கும் எண்கள் தனித்தனியாக இருக்கும். எந்தக் காரை ஓட்டுகிறோமோ அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஊருக்கெல்லாம் இதைச் சொல்லித் தொண்டை வறண்டவன் நான். அன்றைக்கு அவசரத்தில் ரிமோட்டைச் சின்னக் காரின் எண்களிலேயே விட்டிருந்தேன்.

சின்னக் காருக்கு லேசாகத் தொட்டால் போதும். பெரியது அதற்கெல்லாம் மசியுமா? பிரேக் டிக் டிக்கென்று தொட்டுத் தொட்டு விட்டது. வண்டி பாட்டுக்குத் தொட்டியை நோக்கிப் போனது. கடை போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

படாரென்று ஒரு சத்தம். கண்ணைத் திறந்தால், கார் மல்லாந்து கிடந்தது. தொட்டிக்கு ஒரு சாண் முன்னால், சந்தைப் பெருக்கிக்கொண்டிருந்த அக்காவின் துடைப்பம் குறுக்கே நின்றது. "காலி பண்ணிடட்டுமாக்கா?" என்றேன்.

அக்கா தொட்டியை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"இடிக்கல இல்ல? அப்பால இன்னாத்துக்கு காலி பண்ற? ஆமா நைனா, இந்தத் தொடப்பத்துக்கும் எதுனா நம்பரு வெக்கணுமா?"

இத்தனை வருடத்தில் என் கடையில் எந்த எண்ணும் வைக்காமல் முதல் தடவையே சரியாகப் பிடித்த பிரேக் அது ஒன்றுதான்.