வாஷ்பேசின் ஹீட்டரும் ஈரக் கையும்

மின்சார சாமான் கடையில் விற்பனையாளனாக நிற்பவன் முதலில் மறக்க வேண்டிய சொல் ‘தெரியாது’. கவுண்டருக்குப் பின்னால் நின்று காலந்தள்ளும் சகோதரர்களே, உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. அறுபதுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டைக் கடையொன்றில் நின்ற நான், அந்தச் சொல்லை அடியோடு மறந்திருந்தேன்.

செய்து காட்டியது

வாஷ்பேசினுக்கு மேல் மாட்டுகிற சின்ன ஹீட்டர் எங்கள் கடைக்குப் புதிதாக வந்தது. செம்புத் தொட்டி, கீழே ஒரு குழாய், பிளக்கைச் செருகினால் வெந்நீர். திருவரங்குளத்து விவசாயி ஒருவர், “எம்புட்டு நேரத்துல சுடும்?” என்று கேட்டார். இதோ என்று செருகிக் காட்டினேன். தொட்டி வேகமாகத்தான் சுட்டது. பிறகு கருகல் வாடை வந்தது. பிறகு புகை.

முதலாளி ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினார். விவசாயி துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னார்: “தண்ணி ஊத்தணுமுன்னு எனக்கே தெரியுதே தம்பி, ஒங்களுக்கு எத்தன வருச சர்வீசு?”

இரண்டு துளை

கறம்பக்குடியில் சிறிய பிரசவ விடுதி நடத்திய நர்ஸம்மா ஒருவர், தன் ஆயா சின்னப்பொண்ணுவோடு வந்தார். மார்கழிக் குளிரில் ஒவ்வொரு தடவையும் விறகடுப்பிலிருந்து வெந்நீர் சுமந்து ஆயாவுக்குக் கால் தேய்கிறதாம். பெரியது, சின்னது இரண்டையும் காட்டினேன். லைட்டு லைன் தாங்குமா என்று அவரே விசாரித்துச் சின்னதைத் தேர்ந்தெடுத்தார். விவரமான அம்மாள்.

ஹீட்டரின் பிளக்குக்கு மூன்று கால். விடுதிச் சுவரில் இரண்டு துளைதான். “பச்சப்புள்ளைக இருக்கிற எடம். பயமில்லையேங்க?” என்று கேட்டார். மூன்றாவது கால், கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடும் எர்த்துக்கு என்பது எனக்குத் தெரியும். குழி தோண்டிக் கரியும் உப்பும் போட்டு எர்த் கம்பி இறக்கிவிட்டு வாருங்கள் என்று சொன்னால், தஞ்சாவூர்க் கடைக்குப் போய்விடுவார் என்பதும் தெரியும். “பயமே இல்லைங்க” என்றேன். எர்த் வயரை நறுக்கிவிட்டு, இரண்டு கால் பிளக்கை என் கையாலேயே மாட்டினேன். அப்போதெல்லாம் எல்லாக் கடையிலும் இதுதான் வழக்கம். அதைச் சொல்லி என்ன பயன்?

நர்ஸம்மா அப்போதும் யோசித்தார். சின்னப்பொண்ணுதான் ஹீட்டரைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னார்: “தம்பியே பூட்டிக் குடுத்துருச்சு, பெறகென்னம்மா பயம்?”

ஈரக் கை

பத்து நாளில் நர்ஸம்மாவிடமிருந்து ஒரு தபால் கார்டு வந்தது. ‘ஆயாவுக்கு ஷாக் அடித்துவிட்டது. உடனே வரவும்.’ கறம்பக்குடி பஸ்ஸில் வழி நெடுக, சின்னப்பொண்ணு பிழைத்திருக்க வேண்டும் என்று கும்பிட்டேன். அதே வாயால், என்ன பொய் சொல்லலாம் என்றும் ஒத்திகை பார்த்தேன். இரண்டையும் ஒன்றாகச் செய்ய முடிந்ததை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

சின்னப்பொண்ணு உயிரோடுதான் இருந்தார். வலது கை கழுத்திலிருந்து தூளிக்கட்டில் தொங்கியது. பிறந்த குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டுக் கைகழுவப் போனவரை ஹீட்டர் குழாய் எதிர்ச் சுவரில் தூக்கி அடித்திருக்கிறது. குழந்தையோடு போயிருந்தால் என்று எனக்கும் தோன்றியது. ஆனாலும் வாய் ஒத்திகை பார்த்ததையே சொன்னது: “ஈரக் கையோட தொட்டிருப்பாங்க.”

நர்ஸம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். “கைகழுவுற எடத்துக்கு ஈரக் கை வராம வேற எந்தக் கை வரும்?”

எர்த்தை நறுக்கியது நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். திட்டுவார்கள் என்று நின்றேன். மத்தியானம் ஆகிவிட்டது, சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று இலை போட்டார்கள். கைகழுவ வாஷ்பேசின் முன்னால் போனேன். குழாயைத் திறக்க வேண்டும். என் கை நீளவில்லை.

பின்னாலிருந்து சின்னப்பொண்ணு சொன்னார்: “பயப்படாமத் தொடுங்க தம்பி, ஒங்களுக்காகத்தான் பிளக்கைப் புடுங்கிப் போட்டுருக்கேன்.”

பிறகும் பல வருஷம் ஹீட்டர் விற்றேன். ‘பயமே இல்லைங்க’ என்று மட்டும் யாரிடமும் சொல்லவில்லை, அதனால் எங்கள் கடையைவிடத் தஞ்சாவூர்க் கடைகளுக்குத்தான் நான் அதிகம் சம்பாதித்துக் கொடுத்தேன்.