பரணுக்கு ஒரு சாண் கீழே

தெருவில் எல்லோருக்கும் அவர் ஊசியக்கா. உதட்டில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே ஊர்வம்பு பேசுவார். ஒன்றுகூடக் கீழே விழாது. கைக்குழந்தையோடு புருஷன் விட்டுப் போன பிறகு, பள்ளிச் சீருடை தைத்துத் தைத்தே ஒரு வீடு கட்டியவர். கடலை நோக்கிச் சரியும் அந்தத் தெருவின் கடைசி வீடு. ஓர் அறை, மேலே ஒரு பரண். மகளுக்கென்று கட்டியது. "எனக்கப்புறம் அவ யார் வாசல்லயும் போய் நிக்கக் கூடாது" என்பார்.

அவர் என்னைக் கூப்பிட்டனுப்பியதும் அந்த மகளுக்காகத்தான்.

எங்கள் கல்லூரியிலிருந்து நாங்கள் சிலர், தெருவின் மேட்டில் இருக்கும் பள்ளிக்குச் சனிக்கிழமைகளில் போய்ப் பருவநிலை மாற்றம் பற்றிப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தோம். படம் காட்டினால் பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். அதனால் ஒரு வேலை கொடுத்தோம். கடல் உயர்ந்து, புயலும் சேர்ந்தால் தண்ணீர் எதுவரை வரும் என்று பள்ளிச் சுவரில் நீலச் சாக்கட்டியால் ஒரு கோடு. கணுக்கால் உயரம்தான். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயைக் கையில் கொடுத்து, அதே மட்டத்தை அவரவர் வீடுவரை கொண்டுபோகச் சொன்னோம். கூச்சலும் கும்மாளமுமாக ஓடினார்கள். கோடு நேராகத்தான் போனது. தெருதான் இறங்கிக்கொண்டே போனது. டீக்கடையில் முழங்கால், சலூனில் இடுப்பு. ஊசியக்கா வீட்டில் தலைக்கும் மேலே, பரணுக்கு ஒரு சாண் கீழே வந்து நின்றது.

எப்போது வரும் என்பதை நாங்கள் சொல்லவில்லை. வருடக் கணக்கு பிள்ளைகளுக்கு அலுக்கும் என்று அதைக் காட்டும் படத்தையே நீக்கிவிட்டிருந்தோம்.

நான் போனபோது நல்ல வெயில். ஊசியக்கா தையல் மிஷினின் மிதியிலிருந்து காலை எடுத்தார்.

"பாரு" என்று என்னிடம் சொல்லிவிட்டு, மேலே பார்த்துக் குரல் கொடுத்தார். "மிஸ் வந்திருக்காங்கடி. குடிக்கத் தண்ணி எடுத்துக் குடு."

பரணில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த மகள் நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். ஏணியில் இறங்கினாள். குதிகால் தரையில் படவில்லை. கைகளால் எதையோ விலக்கி விலக்கி, மெதுவாக அறையைக் கடந்து வந்து டம்ளரை நீட்டினாள். கண்கள் பிதுங்கியிருந்தன. அதேபோல மெதுவாகத் திரும்பிப் போய் ஏறி, கோட்டைத் தாண்டியதும் வாயைத் திறந்து மூச்சுக்குத் தவித்தாள்.

"நேத்து ஏணியிலேர்ந்தே மயங்கி விழுந்துட்டா. உதடெல்லாம் நீலம் பாரிச்சிடுச்சு. எங்கயாச்சும் நெஞ்சு நின்னு போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

நான் அண்ணாந்து பார்த்தேன். கிணற்றின் அடியில் கிடப்பவரைப் பார்ப்பதுபோல அவள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா எப்பவோ தண்ணில மூழ்கிப் போச்சு மிஸ்" என்றாள் தணிந்த குரலில். "அது தெரியாம தச்சிட்டிருக்கு."

ஊசியக்கா என் காதருகே வந்தார். "கோட்ட அழிச்சும் பாத்துட்டேன். அது எங்க இருந்துச்சுன்னுதான் அவளுக்குத் தெரியுமே. நீ படிச்ச புள்ள. பொய்னு ஒரு வார்த்த சொல்லும்மா, எறங்கிடுவா."

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். விடை தெரிந்தால் கையைத் தூக்கத்தான் பழகியிருக்கிறேன். சொன்ன விடை கேட்டவருக்குள் போய் என்ன செய்யும் என்று எந்தப் பரீட்சையிலும் கேட்கவில்லை. பொய் சொல்லவும் நாக்கு வரவில்லை. ஏணியில் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பொய் இல்ல. ஆனா இப்ப இல்ல. நீ பெரியவளாகி, உன் தலையெல்லாம் நரைச்சப்புறம் வரலாம். அதுவும் பெரிய புயலடிக்கிற நாள்ல. எல்லாரும் இப்பவே திருந்தினா அவ்வளவு ஏறாமயும் போகலாம்."

"அப்ப கீழ இருக்கறது?"

"காத்துதான்."

"அம்மா மூச்சு விடுதா?"

கீழேயிருந்து பதில் வந்தது. "உன்னப் பெத்ததுலேர்ந்து பெருமூச்சா விட்டுட்டிருக்கேன்டி. எறங்கு."

அவள் சிரித்துவிட்டாள். கோடு இருந்த இடத்தில் கொஞ்சம் தயங்கி, மூக்கை மட்டும் நீட்டி மோப்பம் பிடிப்பதுபோல இழுத்துப் பார்த்தாள். பிறகு தடதடவென்று இறங்கி வெளியே ஓடினாள்.

நான் நிம்மதியாக இறங்கினேன். ஊசியக்கா மிதியில் கால் வைக்கவில்லை.

"அப்ப பொய் இல்லையா? ஏதோ வெளையாட்டு காட்டினீங்கன்னுல்ல நெனச்சேன்." குண்டூசிகளை ஒவ்வொன்றாக உதட்டிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். "நரைச்சப்புறம்னா, அவ இந்த வீட்லதானே இருப்பா?"

அவர் வெளியே நடந்தார், பின்னாலேயே போனேன். அந்த வீட்டுக்கு அப்புறம் சுவர் என்று எதுவும் இல்லை. மணல், அதற்கப்பால் கடல். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் துரத்திக்கொண்டிருந்தார்கள். அவர் மகளும் நடுவில் கத்திக்கொண்டு ஓடினாள்.

"இங்க அந்தக் கோடு எங்க வரும்?"

கையை உயர்த்தினேன். போதவில்லை. குதிகாலை எக்கி, வெறும் காற்றில் ஓரிடத்தை விரலால் காட்டினேன். ஊசியக்கா என் விரல் நுனியைப் பார்த்தார். அங்கிருந்து மெல்ல, மெல்லக் கீழே இறங்கிவந்து, ஓடிக்கொண்டிருந்த தலைகளில் அவர் பார்வை நின்றது.

"கைய எறக்கும்மா" என்றார். "அவ பாத்துடப் போறா."