முன்சீட்டுப் பயணி

"உங்க அப்பாவுக்கு இருக்கிறது பக்தியா, நோயா? நீ என்னம்மா நினைக்கிறே?" என்று மனநல மருத்துவர் கேட்டபோது நான் முழித்தேன். பள்ளி இறுதித் தேர்வில்கூட நான் அப்படி முழித்ததில்லை.

அப்பா நகரப் பேருந்து ஓட்டுநர். மூடிக் கிடக்கும் ஆலைக்கு எதிரே உள்ள நிறுத்தத்தில் தினமும் காலையில் கடவுள் ஏறுகிறார் என்பார். முன்சீட்டில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் இறங்கிவிடுவாராம். ஆளில்லாத இடத்தில் கதவைத் திறந்து "மெதுவா ஏறுங்க" என்று அப்பா சொன்னபோது, பயணிகள் முதலில் தலையில் அடித்துக்கொண்டார்கள். பிறகு பழகிவிட்டது. நடத்துநர் மாமாகூடக் கடவுள் இறங்கக் கொஞ்சம் நேரம் விட்டுத்தான் விசில் அடிப்பார். எவ்வளவு நெரிசலானாலும் அந்தச் சீட்டில் யாரும் உட்காருவதில்லை.

வினை டிக்கெட் பரிசோதகர் உருவில் வந்தது. ஒருநாள் ஏறியவர் நேராக அதில் போய் உட்கார்ந்தார். அங்கே ஆள் இருக்கிறது என்று பேருந்தே பதறியது. யார் என்று கேட்டார். எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். அப்பாவுக்குப் பொய் வராது, சொல்லிவிட்டார். பரிசோதகர் சூடு பட்டவர் போல எழுந்தார். எழுந்த கையோடு பணிமனைக்குப் புகார் எழுதினார்.

மருத்துவர் சான்று கொடுத்தால்தான் இனி ஸ்டியரிங், இல்லாவிட்டால் வண்டி கழுவும் வேலை என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் சாப்பாட்டுத் தட்டையே இரண்டு கையாலும் பிடித்துத் திருப்புகிற மனிதர் அப்பா. அம்மாவுக்குத் தூக்கம் போயிற்று.

மருத்துவர் பொறுமையாக விசாரித்துவிட்டுக் கடைசியில், "இங்கே திருப்பு, அங்கே நிறுத்துன்னு அவர் உங்ககிட்ட ஏதாவது சொல்வாரா?" என்று கேட்டார்.

அப்பாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "ஓட்டுநரிடம் பேசக் கூடாதுன்னு போர்டு மாட்டியிருக்கோமே டாக்டர். அவருக்குப் படிக்கத் தெரியாதா?"

மருத்துவர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். பக்தி எங்கே முடிகிறது, நோய் எங்கே தொடங்குகிறது என்று கோடு போட்டுக் காட்டத் தனக்கும் தெரியாது என்றார். ஆனாலும் மாத்திரையும் ஓய்வும் வேண்டும், தேறியதும் சான்று தருகிறேன் என்றார். சொன்னபடியே தந்தார்.

அப்பா மறுபடி வண்டியெடுத்த முதல் காலையில் நானும் போனேன். ஆலை நிறுத்தத்தில் பழக்கதோஷத்தில் அவர் கால் பிரேக்குக்குப் போய்விட்டது. கதவைத் திறந்தார். காற்றுதான் வந்தது. அப்பாவின் முகம் தொங்கிப்போயிற்று. தினமும் வருகிற டீச்சர் பையைச் சுமந்து நின்றார். அவரிடம், "உட்காருங்கம்மா. இனிமே அங்கே யாரும் வரமாட்டாங்க" என்றார்.

டீச்சர் அசையவில்லை. "உங்க கண்ணுக்குத் தெரியலைன்னா வரலைன்னு ஆயிடுமா? வண்டியை எடுங்கண்ணே, நேரமாகுது."

ஆமாம் ஆமாம் என்றது வண்டி. அப்பா கண்ணாடியில் எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். இத்தனை பேருக்கும் சேர்த்து மாத்திரைக்கு எங்கே போவது என்பது போல இருந்தது அந்தப் பார்வை. பிறகு சிரித்துக்கொண்டே கியர் போட்டார்.

இதை எழுத அப்பாவிடம் அனுமதி கேட்டேன். போர்டு விஷயத்தை விட்டுவிடாதே என்றார். உங்களுக்குத் தெரிந்த வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் அவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். மருத்துவரிடம் அழைத்துப் போகட்டும், முன்சீட்டையும் காலியாக வைத்திருக்கட்டும்.